கரையில் ஒதுங்கும் ஆமை கடலைப் பற்றி என்ன சொல்கிறது? – வாசகர் கேள்வி பதில்

செத்து ஒதுங்கும் ஆமை, ஓங்கல் (டால்பின்), மீன் பற்றிக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் கடல்வாழ் உயிரியலாளரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

ஜனவரி, பிப்ரவரி வந்தாலே எங்கள் கரையில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்குகின்றன. 2025 ஜனவரியில் சென்னை சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கடல் விஷமாகிவிட்டதா? அந்த நாட்களில் மீன் வாங்கலாமா?
– வாசகி, கோவளம்

மீன் வாங்கலாம். அந்த ஆமைகளில் பெரும்பாலானவை மூச்சுமுட்டிச் செத்தவை, விஷத்தால் அல்ல. ஆமை முட்டையிடக் கரையை நெருங்கும் மாதங்களில்தான் இழுவைமடிப் (டிரால் வலை) படகுகளும் இறாலுக்காகக் கரையோரம் சுற்றுகின்றன. ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மடிக்குள் சிக்கியது மேலே வந்து மூச்சு வாங்க முடியாது. மடியை ஒரு மணி நேரத்துக்குள் தூக்கிவிட்டால் பல ஆமைகள் பிழைத்துக்கொள்ளும். அதற்கு மேல் இழுக்க இழுக்கச் சாவு மளமளவென்று கூடும்.

செத்த ஆமையின் கண் பிதுங்கியிருந்தால், கழுத்து வீங்கியிருந்தால் அது வலையில்தான் செத்தது என்று பலரும் சொல்கிறார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் கிடந்து அழுகிய எந்த ஆமைக்கும் கண் பிதுங்கும், கழுத்து வீங்கும். நம்பத் தகுந்த அடையாளம் உடலுக்குள் இருக்கிறது. தசை திரண்டு, கொழுப்பு நிறைந்து, இரைப்பையில் நண்டோ கணவாயோ செரிக்காமல் இருந்தால் அது நேற்றுவரை நன்றாக மேய்ந்த ஆமை, சட்டென்று செத்திருக்கிறது. மூச்சுக்குழலில் நுரையும் இருந்தால் வலை மீது சந்தேகம் வலுக்கும். மாறாக, வயிற்றுப்புற ஓடு உள்வாங்கி, கண் குழிந்து, முதுகோடும் கழுத்தும் கொட்டலசால் (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) மூடியிருந்தால் அது வாரக்கணக்கில் நோயில் கிடந்து மிதந்த ஆமை. நீந்துகிற ஆமைமீது அவ்வளவு கொட்டலசு படியாது.

மீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நாள் எது? ஆமையோடு சேர்ந்து வேறு என்ன சாகிறது என்று பாருங்கள். ஆமை மட்டும், அதுவும் கொழுத்த ஆமைகள் என்றால் வலை. மீன், நண்டு, விலாங்கு எல்லாம் ஒரே காலையில், காற்றில்லாத கடலில் செத்து மிதந்தால் நீரில் பிராணவாயு தீர்ந்திருக்கிறது. கடற்பறவைகள் தலை சுற்றித் தள்ளாடி விழுந்தால், மட்டி சாப்பிட்டவருக்கு உதடு மரத்துப்போனால், பாசி நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டில்தான் கரையோர மீனையும் மட்டியையும் நிறுத்திவைத்து, மீன்வளத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் அன்றே சொல்ல வேண்டும்.

கடல் நீரை எடுத்துச் சோதித்தால் போதாதா? விலங்குகளை ஏன் கண்காணிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

ஒரு குப்பி நீர், அந்த இடத்தின் அந்த நிமிடத்தை மட்டுமே சொல்லும். ஓங்கலோ கடற்சிங்கமோ இருபது, முப்பது ஆண்டுகள் அதே கடலில் மீன் தின்று வாழ்கிறது. நீரில் கருவிக்கே எட்டாத அளவில் இருக்கும் நஞ்சு, பாசியிலிருந்து சிறு மீனுக்கும் அதிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி, கடைசியில் அதன் கொழுப்பிலும் ஈரலிலும் சேர்ந்து நிற்கிறது. அது தின்னும் மீனைத்தான் நாமும் தின்கிறோம்.

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. 1998 மே, ஜூன் மாதங்களில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாப் பகுதியில் 400-க்கும் மேற்பட்ட கடற்சிங்கங்கள் செத்தன. பல வலிப்பு வந்து தலையை ஆட்டிக்கொண்டே கரையேறின. சூடோநீச்சியா என்ற நுண்பாசி உண்டாக்கும் டோமோயிக் அமிலம் நெத்திலி வழியாக அவற்றுக்குள் போயிருந்தது. மனிதரைக் காக்க அங்கே நீல மட்டிகளைச் சோதிக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்த வாரங்களில் எடுத்த மட்டிகளில் நஞ்சு இல்லை, அல்லது துளியளவே இருந்தது. மட்டியை மட்டும் நம்பியிருந்தால் கடல் சுத்தம் என்றே எழுதியிருப்பார்கள். நஞ்சு நெத்திலியில் இருந்ததை எடுத்துக் காட்டியது கடற்சிங்கம்தான். அந்த நஞ்சு மனிதருக்கு என்ன செய்யும் என்பது அதற்கு முன்பே தெரியும்: 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மட்டிகளைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்த சிலருக்கு நினைவு திரும்பவே இல்லை. அதன் பிறகுதான் ஒரு கிலோ மட்டிக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு வந்தது.

ஜப்பானின் மினமாட்டாவில் 1950-களில் மீன் தின்ற பூனைகள் முதலில் ஆட்டம் கண்டு விழுந்தன. பறவைகள் வானத்திலிருந்து விழுந்தன. மனிதருக்கு வந்த நோய் 1956-இல்தான் பதிவானது. ஆலைக் கழிவின் மெத்தில் பாதரசமே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. முன்கூட்டியே எச்சரித்த உயிர்களை எழுதிவைத்து, அதன்மேல் நடவடிக்கை எடுக்க ஆள் இல்லாததன் விலை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்.

நம் கடலிலும் நடந்திருக்கிறது. 1981-இல் கல்பாக்கம் அருகே வயலூரில் மட்டி தின்று 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 7 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள். இரண்டும் வாத மட்டி நஞ்சு, அதாவது பாசியிலிருந்து மட்டியில் சேர்ந்து தசைகளை முடக்கும் நஞ்சு. இதைக் கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் உதடும் நாக்கும் விரல்நுனியும் ஊசி குத்துவது போல மரத்தால் உடனே செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடித்தால் நஞ்சு தானாக வெளியேறி ஆள் பிழைத்துக்கொள்வார்.

எந்த விலங்கு எதைச் சொல்லும் என்பதும் முக்கியம். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் அறிவித்தார்கள். கடற்பசு புல் மேய்வது. அது மெலிந்தால் கடற்புல் தரை கெடுகிறது என்று பொருள். நம் சாப்பாட்டு மீனைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதற்குக் கரையோர ஓங்கலையும், கழிமுகத்துக் கூழைக்கடாவையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகு கறுத்த கூழைக்கடாக்களைப் பார்த்துத்தான் ஊரார் பலருக்கு அதன் வீச்சு புரிந்தது.

எங்கள் பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் கரையில் நடந்து, ஒதுங்கியதைக் குறித்து வைக்க விரும்புகிறார்கள். எதை, எப்படி எழுதுவது?
– ஆசிரியர், திருச்செந்தூர் வட்டாரம்

முதலில் சட்டம். கடலாமை, ஓங்கல், திமிங்கிலம், கடற்பசு நான்குமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த உடலின் ஒரு ஓட்டுத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் குற்றம். அதனால் தொடங்கும் முன் வனச்சரகரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அது வரும்வரை ஒரு மீட்டர் தள்ளி நின்று, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பதோடு நில்லுங்கள். அதுவே பாதி வேலை.

குறிப்பேட்டில் முதல் வரி விலங்கைப் பற்றியது அல்ல, உங்கள் நடையைப் பற்றியது: எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்கள், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், காற்று வாடையா (வடக்கு) கச்சானா (மேற்கு). ஒன்றும் ஒதுங்காத நாளையும் கட்டாயம் எழுதுங்கள். பெரும்பாலான கரைப் பதிவுகள் வீணாவது இந்த இடத்தில்தான். ஆமை கண்ட நாளை மட்டும் எழுதி வைத்தால், பின்னால் அதை எடுத்துப் பார்ப்பவருக்கு இந்த ஆண்டு சாவு கூடியதா, நடப்பவர்கள் கூடினார்களா என்று பிரித்தறிய வழியே இருக்காது. பத்து கிலோமீட்டருக்கு இரண்டு ஆமை என்பதுதான் கணக்கு. இரண்டு ஆமை என்பது வெறும் செய்தி.

காற்றையும் நீரோட்டத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலில் செத்தது முதலில் மூழ்கும். அழுகி வாயு சேர்ந்தபின் மிதக்கும். காற்று கரையை நோக்கி அடித்தால்தான் ஒதுங்கும். மெக்சிகோ வளைகுடாவில் செத்த ஓங்கல், திமிங்கிலங்களில் சராசரியாக 100-க்கு 2 உடல்தான் கண்ணில் படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கரையின் விகிதம் வேறாக இருக்கலாம். ஆனால் ஒதுங்கியது செத்ததில் ஒரு பகுதியே என்பது எங்கும் பொருந்தும்.

அடுத்து விலங்கு. ஆமை என்றால் முதுகோட்டின் நடுவரிசைக்கு இரு பக்கமும் உள்ள பெரிய தகடுகளை எண்ணச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 4 என்றால் பேராமை அல்லது அழுங்காமை. அழுங்காமையின் தகடுகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் பங்குனி ஆமை. நீளத்தை, முன்விளிம்பின் நடுக் குழிவிலிருந்து பின்நுனி வரை ஓட்டின் வளைவோடு டேப்பைப் படியவைத்து அளக்க வேண்டும். துணி டேப் நனைந்தால் இழுபடும்; கண்ணாடியிழை டேப் வாங்குங்கள். இரண்டு முறை அளந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளந்து பாருங்கள். வளர்ந்த பங்குனி ஆமை ஏறக்குறைய 60 முதல் 75 சென்டிமீட்டர். ஓட்டைத் தாண்டி வால் நன்றாக நீண்டிருந்தால் ஆண். வால் குட்டையாக இருப்பதாலேயே பெண் என்று எழுதிவிடாதீர்கள். இளம் ஆணுக்கும் குட்டைதான்.

உடலின் நிலைக்கு உலகெங்கும் ஐந்து எண் வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தால் 1. நாற்றமில்லாமல், கண் தெளிவாக, புதிதாகச் செத்தது 2. வீங்கித் தோல் உரியத் தொடங்கியது 3. உருக்குலைந்தது 4. காய்ந்த தோலும் எலும்பும் 5. நம் வெயிலில் 2 என்பது ஒரே பகலில் 3 ஆகிவிடும். ஆகவே 2-ஐப் பார்த்தால் மற்ற அளவெல்லாம் பிறகு, முதலில் வனத்துறைக்குத் தொலைபேசுங்கள்.

படம் நான்கு: மேலிருந்து, பக்கவாட்டில், தலை, வயிற்றுப்புறம். முன்துடுப்புகளில் உலோக வில்லை இருக்கிறதா பாருங்கள். ஒடிசாவின் முட்டையிடும் கரைகளில் மாட்டியவை அவை. எண்ணைப் படமெடுத்தால் ஆமை வந்த தூரம் தெரியும். கடைசியாக, எழுதி முடித்த உடலின் ஓட்டில் வண்ணப்பூச்சால் ஒரு கோடு போட அனுமதி கேளுங்கள். கோடு இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதே உடலை இன்னொரு குழு புதியதாக எண்ணும்.

வலையில் வந்த ஆமை அசையாமல் கிடக்கிறது. செத்ததா, இல்லையா? கடலில் போட்டுவிடலாமா?
– மீனவர், நாகப்பட்டினம்

உடனே போடாதீர்கள் ஐயா. மூச்சடங்கி மயங்கிய ஆமை செத்தது போலவே கிடக்கும். அப்படியே நீரில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும். கண்ணிமையையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள், லேசாகச் சுருங்கினால் உயிர் இருக்கிறது. சுருங்காவிட்டாலும் முயன்று பாருங்கள். மல்லாத்த வேண்டாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்துக்குக் கீழே கயிற்றுச் சுருளோ பலகையோ கொடுத்துக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். நுரையீரலில் ஏறிய நீர் வடிய வேண்டும். பெரிய ஆமையென்றால் இன்னும் உயர்த்தலாம். நிழலில் வைத்து, ஈரச் சாக்கை ஓட்டின்மேல் போடுங்கள். மூக்குத்துளையை மூடிவிடக் கூடாது. வாளித் தண்ணீரில் போடவே கூடாது. 4 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம்வரை பொறுத்துப் பார்க்கலாம். தலை தூக்கித் துடுப்பை வலுவாக அடிக்கத் தொடங்கியதும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வலை இல்லாத பக்கமாக, தலை முன்னே போகும்படி இறக்கிவிடுங்கள்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் இழுவைமடிக்கென்றே ஆமை விலக்குக் கருவி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மடியின் கழுத்தில் சாய்வாகக் கட்டும் கம்பிச் சட்டம் அது. இறால் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும், ஆமை மேலே உள்ள வாயால் வெளியேறும். சாய்வு தவறினால்தான் இறால் தப்புகிறது. மீன்வளத் துறை ஆளை வைத்துக் கட்டுங்கள்.

புதிதாகச் செத்த ஓங்கலை உடற்கூறு செய்யச் சொல்லி வனத்துறை அழைத்தால், எந்த மாதிரியை எதில் எடுக்க வேண்டும்?
– கால்நடை மருத்துவர், ராமநாதபுரம் மாவட்டம்

ஒவ்வொரு சோதனைக்கும் ஒவ்வொரு பாத்திரம் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டு எடுத்து வருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதில் போட்ட திசுவில் கிருமியை வளர்க்க முடியாது, மரபணு சிதையும், நஞ்சையும் நம்பி அளக்க முடியாது.

திசுவியலுக்கு: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, மோனோசோடியம் ஃபாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஃபாஸ்பேட் 6.5 கிராம். உப்பைச் சேர்க்காமல் விட்டால் அமிலமாகி, நுண்ணோக்கித் தகட்டில் கருப்புத் துகள் படிந்து குழப்பும். துண்டு 1 சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடுவில் ஃபார்மலின் இறங்கும் முன் அழுகும். திசு ஒரு பங்கு என்றால் கரைசல் பத்துப் பங்கு. நுரையீரல், இதயம், ஈரல், சிறுநீரகம், மண்ணீரல், அட்ரீனல், நிணநீர்க் கணுக்கள், குடல், மூளை எல்லாவற்றிலும் எடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிற உறுப்பையும் விடாதீர்கள். உடலை முதலில் உறையவைத்துப் பிறகு வெட்டினால், பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும். பனிக்கட்டியில் குளிரவைத்தால் போதும்.

பாசி நஞ்சுக்கு இரைப்பை உள்ளடக்கம், மலம், சிறுநீர் மூன்றும் வேண்டும். டோமோயிக் அமிலம் இரத்தத்திலிருந்து சீக்கிரம் போய்விடும், சிறுநீரில் தங்கும். சிறுநீர்ப்பையைக் கிழிக்கும் முன் ஊசியால் உறிஞ்சி, −20 டிகிரியில் வையுங்கள். பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்றவற்றுக்குக் கொழுப்பையும் ஈரலையும் அசிட்டோனால் கழுவிய அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து வேதிப்பொருள் ஏறும். பாதரசம், ஈயம் போன்ற உலோகங்களுக்கு இதற்கு நேர்மாறு: அலுமினியத் தாள் ஆகாது, புதிய பிளாஸ்டிக் பைதான். கிருமி, தீநுண்மிச் சோதனைக்கானவை −80 டிகிரிக்குப் போகும்வரை பனியில் இருக்கட்டும். மரபணுவுக்கு 95 சதவீத எத்தனாலில் சிறு தோல் துண்டு.

சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். எத்தனால் பட்டால் பேனா மை ஓடிவிடும். மின்தடை உள்ள ஊரென்றால் ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து உறைபெட்டிக்குள் விடுங்கள். நீங்கள் இல்லாதபோது பெட்டி உருகி மறுபடி உறைந்திருந்தால் நாணயம் அடியில் கிடக்கும். அந்த மாதிரிகளின் முடிவை நம்பாதீர்கள்.

குடலில் பிளாஸ்டிக் இருந்தால் எடை பார்த்து, கழுவி, உலர்த்தி வையுங்கள். ஆனால் அடைப்போ புண்ணோ இல்லாமல் "பிளாஸ்டிக்கால் செத்தது" என்று எழுத வேண்டாம். பத்திரிகைக்கு அது பிடிக்கும், உண்மைக் காரணம் அதோடு மறைந்துபோகும்.

2021-இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த கப்பலுக்குப் பிறகு ஆமைகள் நிறைய ஒதுங்கின. கப்பல்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், மன்னார்

எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற அந்தச் சரக்குக் கப்பல் 2021 மே 20-இல் தீப்பற்றி ஜூன் 2-இல் மூழ்கத் தொடங்கியது. ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் குருணையும் நைட்ரிக் அமிலமும் அதில் இருந்தன. உறுதி செய்ய இரண்டு தேவை. ஒன்று, உடலில் தீக்காயம், கண்ணிலும் வாயிலும் வேதிப்புண், மூச்சுக்குழலில் கரி போன்ற நேரடி அடையாளம். இரண்டு, அதே மாதங்களில் முந்தைய ஆண்டுகளில் எத்தனை ஒதுங்கின என்ற கணக்கு. மே, ஜூன் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையை நோக்கி அடிக்கும் காலம். கப்பல் இல்லாத ஆண்டிலும் உடல்கள் கரைக்கு வரும். பழைய கணக்கு கையில் இல்லாதபோது நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான். திருச்செந்தூர் ஆசிரியருக்கு வெற்று நாளையும் எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்தது. அது நஞ்சா?
– வாசகர், மண்டபம்

பூங்கோரை என்று உங்கள் ஊரில் சொல்லும் நாக்டிலூகா என்ற நுண்பாசி பெருகினால் அப்படி ஆகும். 2019-இலும் மன்னார் வளைகுடாவில் நடந்தது. அது நஞ்சு சுரப்பதில்லை. அழுகும்போது நீரில் பிராணவாயுவைத் தீர்த்து அம்மோனியாவை விடுகிறது. மீன் மூச்சில்லாமல் சாகிறது. செத்து மிதப்பதைப் பொறுக்கிச் சமைக்காதீர்கள், கருவாடும் போடாதீர்கள். சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் அது வேறு பாசியாக இருக்கலாம். மட்டி எடுப்பதை உடனே நிறுத்தி, நீரை மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அந்த நீரில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வரும் ஓங்கல் கூட்டம் தென்பட்டால் அதையும் நேரத்தோடு குறியுங்கள்.

செத்த கடல் விலங்கைத் தொட்டால் நமக்கு நோய் வருமா? நம்மால் அவற்றுக்கு நோய் போகுமா?
– வாசகி, காரைக்கால்

இரண்டும் நடக்கும். கடற்சிங்கத்தின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். ஓங்கலில் புருசெல்லா என்ற பாக்டீரியா உண்டு. 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் தாக்கி 17,000-க்கும் மேற்பட்ட யானைச் சீல் குட்டிகள் செத்தன. இரட்டைக் கையுறை, முகக்கவசம், முட்டி வரைக்கும் காலணி இல்லாமல் யாரும் உடலைத் தொட வேண்டாம். கையில் கீறல் இருந்தால் கையுறை போட்டும் வேண்டாம். நாய்களை அவிழ்த்து விடாதீர்கள்.

எதிர்த்திசையில் போனதுக்குக் கலிஃபோர்னியாவின் கடல் நீர்நாய் சான்று. பூனை மலத்தில் உள்ள டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மழைநீரோடு கடலில் கலந்து, மட்டி வழியாக நீர்நாயின் மூளைக்குப் போனது. ஊரின் வடிகால் அதிகம் இறங்கும் கரையில் அந்தத் தொற்று மூன்று மடங்கு அதிகம் என்று 2002-இல் கண்டார்கள். அதே வடிகால் நம் குழந்தைகள் குளிக்கும் கரையிலும் இறங்குகிறது.

உயிரோடு ஒதுங்கிய ஓங்கலை வாலைப் பிடித்து இழுத்துக் கடலில் விடலாமா?
– வாசகர், மணப்பாடு

கூடாது. முதுகெலும்பும் வாலும் விலகிவிடும். உங்கள் கரையில் 2016 ஜனவரியில் 81 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, தள்ளிவிடப்பட்டவற்றில் பல மறுபடியும் கரைக்கே வந்தன. வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். முன்துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டிக் குழி விடுங்கள். உடல்மேல் ஈரத்துணி, தலைக்கு மேல் நிழல். உச்சியில் உள்ள மூச்சுத்துளையில் ஒரு சொட்டுத் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதிக்கொண்டே, கூட்டத்தை இருபது அடி தள்ளி நிறுத்திவிட்டு, வனத்துறை வரும்வரை பக்கத்தில் இருவர் மட்டும் இருங்கள்.